இறங்கியவர்களின் நிறை

1

இது ஒரு உதவிக்காக எழுதத் தொடங்கிய கதை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வின்சன்ற் என்று எனக்கொரு சிநேகிதன். ஊர் கரம்பொன். பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நிலையியல் படிப்பிக்கிறான். பிள்ளைகளுக்குச் சமன்பாடெல்லாம் தண்ணீர்பட்ட பாடு; ஆனால் கதிரையில் பின்னுக்குச் சாய்கிற ஆள் ஏன் ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்பி வராமல் மல்லாக்க விழுகிறார் என்று கேட்டால் முழிக்கிறார்கள் என்பது அவனுடைய கவலை. மாணவர் மலருக்கு ஒரு கதை எழுதித் தரச்சொல்லிக் கேட்டான். புவியீர்ப்பு மையம் அதற்குள் வரவேண்டும், ஏலுமென்றால் சடத்துவத் திருப்பமும் வரவேண்டும், கட்டாயம் சிரிப்பு வரவேண்டும் என்றான்.

சிரிப்புக் கதை என்றுதான் தொடங்கினேன். சத்தியமாக. தான் எழுதிய கதையைக் கண்டு தானே பயந்துபோனதாகச் சொல்லும் எழுத்தாளர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. சும்மா எடுப்புக் காட்டுகிறார்கள் என்று நினைப்பேன். இப்போது அந்த எடுப்பு என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

2

முதலாவது தொடக்கம் இப்படி இருந்தது:

குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் முண்டியடித்துக்கொண்டு ஏற, படகு ஒரு பக்கமாகச் சரிந்து—

வேண்டாம். தீவுப்பகுதியைப் பற்றி எழுதினால் படகு கவிழத்தான் வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அதோடு, எங்கள் கடலில் உண்மையாகவே போன சனம் இருக்கிறது. அதை வைத்துச் சிரிப்புக் காட்ட எனக்கு மனம் வராது.

இரண்டாவது:

ஒரு தகட்டை எந்தப் புள்ளியில் விரல் வைத்துத் தாங்கினால் அது சரியாமல் நிற்குமோ, அந்தப் புள்ளிக்கு மையப்போலி என்று—

இது கதையில்லை, ரியூசன் வகுப்பு.

மூன்றாவது:

ரஜீபனுடைய முதுகில் கடைசிச் செடிலும் ஏறியபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. பிறகுதான் நிலையியலும் இதற்குள் தானாக வந்து உட்கார்ந்தது. தூக்குக்காவடி பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். (அடிக்குறிப்பில் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யார் வாசிக்கிறார்கள்?) நேர்த்தி வைத்தவருடைய முதுகிலும் தொடையிலும் கெண்டைக்காலிலும் செடில் என்கிற கொக்கிகளைக் குத்தி, நீண்ட மரமொன்றின் நுனியில், முகம் நிலத்தைப் பார்க்க, பறக்கிற பறவைபோலத் தொங்கவிடுவார்கள். அந்த மரம் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டப்பட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் லாண்ட்மாஸ்ரர், அதாவது கைபிடித்து ஓட்டுகிற சின்ன இயந்திரம். அது இழுத்துக்கொண்டு போகிற பெட்டிக்கு இரண்டு சில்லு, ஒரு அச்சு. மரம் பெட்டியின் பின்பக்கமாக நீண்டிருக்கும், நுனியில் மனிதர் தொங்குவார். முன்பக்கத்தில், பெட்டியை இயந்திரத்தோடு மாட்டுகிற கொழுவிக் கம்பியில், இயந்திரம் தன் பாரத்தால் அமத்திப் பிடித்திருக்கும்.

வின்சன்ற் சந்தோசப்படட்டும். இது பிள்ளைகள் ஏறி விளையாடுகிற சீசோதான். ஒரு பக்கத்தில் நேர்த்திக்காரன், மற்றப் பக்கத்தில் இயந்திரம், நடுவில் அச்சு.

3

நிலாந்திக்கு ரஜீபன் ஒரே அண்ணன். அவனுக்குச் சுலோஜனாவைக் கட்டி நெடுங்காலம் பிள்ளை இல்லை. பிறகு வந்தது, அதுவும் குறைமாதத்தில். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று ரஜீபன் ஊர் முருகனுக்கு நேர்ந்தான்: பிள்ளையைத் தா, தூக்கில் வாறன். பிள்ளை தப்பிவிட்டது. இப்போது அதற்குப் பல்லு முளைக்கிறது. அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறது, மாமி நிலாந்தியின் மூக்கு உட்பட.

நிலாந்தி கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் உதவி விரிவுரையாளர். அவளும் படிப்பிப்பது இதே நிலையியல்தான். தேர்த்திருவிழாவுக்கென்று லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தவள், வளவுக்குள் பெட்டியில் மரம் கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். ரோட்டில் சரி, லாண்ட்மாஸ்ரர் பிடித்துக்கொள்கிறது. கோயில் வெளிவீதிக்குள் எந்த எஞ்சினும் வரக்கூடாது என்பது இந்தக் கோயிலின் கட்டுப்பாடு. வீதி மூலையில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திருப்பி, அண்ணன் தொங்குகிற பக்கம் வாசலைப் பார்க்கக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்போது மற்றப் பக்கத்தை எது பிடிக்கும்?

அவளுடைய அப்பா தம்புவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. நாங்கள்தான் என்றார். அவர்கள் குடும்பத்தில் வழமை அது. நேர்த்திக்காரனின் ஆண் உரித்தாளிகள் கொழுவிப் பக்கமாகப் பெட்டியில் ஏறி இருப்பார்கள். பாரத்துக்குப் பாரம், மரியாதைக்கு மரியாதை. இந்தமுறை தம்பு, அவருடைய தம்பி சிவபாதம், ரஜீபனின் மச்சான்மார் அனோஜனும் மிரோஜனும், ஆக நாலு பேர்.

நிலாந்தி மண்மூட்டை கட்டலாமே என்றாள். வளவு முழுக்க மணல் கிடக்கிறது, சாக்கும் இருக்கிறது, ஒரு மணித்தியால வேலை என்றாள். சிவபாதம் சித்தப்பாவுக்குத்தான் சுருக்கென்றது.

"நேர்த்தி எங்கட. மண்மூட்டையை ஏத்தி வைச்சுப்போட்டு நாங்கள் கையை வீசிக்கொண்டு நடந்துபோறதே? மூட்டைக்குப் பக்தி இருக்கே, பிள்ளை?"

நிலாந்தி யோசித்துப் பார்த்தாள். சித்தப்பா சொல்வதில் பௌதிகப் பிழை ஒன்றும் இல்லை. பூமி இழுக்கும்போது இது மணல், இது சித்தப்பா என்று பார்த்து இழுப்பதில்லை. கிலோ கிலோதான். விட்டுக்கொடுத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: நாலு பேரும் சங்கக்கடைத் தராசில் ஏறி நிறை பார்க்கவேண்டும்.

(இந்த இடத்தை நான் ரசித்து எழுதினேன். முதற்பிரதியில் இதற்கே ஒன்றரைப் பக்கம் போயிற்று. வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில் தம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, மூச்சைப் பிடித்தால் நிறை கூடும் என்று அவர் நினைத்தது, சிவபாதம் வேட்டி மடிப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து வைத்துவிட்டு ஏறியது, அனோஜனின் நிறையைக் கேட்டு மிரோஜன் நிலத்தில் விழுந்து சிரித்தது, எல்லாம் இருந்தன. வெட்டிவிட்டேன். இப்போது வாசித்தால் சிரிப்பு வரவில்லை.)

அவள் கணக்குப் பார்த்தாள். கணக்கு லேசானது. ஒவ்வொரு பாரத்தையும் அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெருக்கத்துக்குத் திருப்பம் என்று பெயர். அண்ணன் மூன்று மீற்றருக்கு அங்கால் தொங்குகிறான், ஆகவே அவனுடைய அறுபத்தெட்டுக் கிலோவும் மும்மடங்காக நிற்கும். அதோடு மரமும் சோடனையும் சேரும். இந்தப் பக்கத்தில் பெட்டியின் கொழுவிக் கம்பியும் நாலு பேரும். மையப்போலி கண்டு, கூட்டி, கழித்து, அண்ணன் துள்ளி ஆடினாலும் என்று அதற்கும் சேர்த்துப் பார்த்தாள். நாலு பேரில் இரண்டு பேர் இருந்தாலே காணும். ஒருவர் தவறி விழுந்தாலும் பாதகமில்லை. இரண்டு பேர் விழுந்தாலும் பெட்டி நிற்கும்.

நிறைவாக இருந்தது அவளுக்கு. அண்ணனிடம் போய், நீங்கள் பயப்பிடாமல் தொங்குங்கோ, நான் பார்த்திட்டன் என்றாள். அவன் ஓம் என்றான். தங்கச்சி சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை.

4

இனி நான் பயந்த இடம்.

திட்டப்படி காவடி வாசலுக்கு வந்து சேரவேண்டும், செடில் கழற்றி ரஜீபனை இறக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் பூசை முடிந்து சுவாமி தேருக்கு எழுந்தருளவேண்டும். நான் ஏற்கெனவே அப்படி எழுதியுமிருந்தேன். பிறகு, ஒரு திருவிழாவில் எல்லாம் நேரத்துக்கு நடந்தால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்று பட்டது. அதனால் மேளக்காரருக்குப் பின்னேரம் இன்னொரு கோயிலில் சேவகம் என்று ஒரு வசனம் சேர்த்தேன். அவர்கள் அவசரப்படுத்த, ஐயர் பூசையைக் கொஞ்சம் ஓட்டமாக முடித்தார். கதைக்குக் கொஞ்சம் உண்மை மணம் வரட்டும் என்று சேர்த்தது, வேறு நோக்கம் இல்லை.

அதற்கு அடுத்ததாக நான் எழுதியது இது:

இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். பெட்டியைத் திருப்பினார்கள். பொடியள் பக்கத்துக்குப் பத்துப் பேராக நின்று தள்ளினார்கள். ரஜீபன் சனத்துக்கு மேலாக மிதந்து மிதந்து வந்தான். வாசலுக்கு நேரே வந்தபோது உள்ளே மணி அடித்தது. திரை விலகிச் சுவாமி வெளியில் வந்தது. நாலு பேரும் பெட்டியால் இறங்கிக் கும்பிட்டார்கள்.

எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். "சனம் அரோகரா என்று—" என்றும் எழுதிவிட்டேன். அப்போதுதான் கண் பின்னுக்குப் போயிற்று.

நாலு பேரும் பெட்டியால் இறங்கிக் கும்பிட்டார்கள்.

ஐயோ. கீழே விழுந்த பேனையைக்கூட நான் எடுக்கவில்லை. இதை நான் தீர்மானிக்கவில்லை, வாசகரே. மழை வந்தது, குடை விரித்தார்கள் என்று எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். சுவாமி வெளியில் வந்தால் உயரத்தில் இருக்கிற ஆள் இறங்குவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதிலில் ஏறி இருக்கிற பொடியன் குதிப்பான், கதிரையில் இருக்கிற நோயாளி எழும்பப் பார்ப்பார். சால்வையை இடுப்பில் கட்டி, கையைத் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடுவார்கள். நாலு பேரும் இறங்காவிட்டால்தான் நான் விளக்கம் எழுதியிருக்கவேண்டும்.

நிலாந்தி எல்லாவற்றையும் நிறுத்தாள். ஒருவர் விழுந்தால், இரண்டு பேர் விழுந்தால் என்றெல்லாம் பார்த்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் தாங்களாக இறங்குவார்கள் என்பது அவளுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. மூட்டைக்குப் பக்தி இருக்கே என்று சித்தப்பா கேட்ட வசனத்தை எழுதியதே நான்தான், அதுவும் சிரித்துக்கொண்டு.

வின்சன்றுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நடந்தது என்றுதான் சொன்னேன், எழுதினது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எட, அவை ஏன் இறங்கினவை?" என்றான்.

"சுவாமி வந்திட்டுது."

அவன் சொன்னான்:

"ஓம். இறங்கத்தான் செய்வினம். எங்கட நற்கருணைப் பவனி வந்தால் நான் எந்த இடத்திலை நிண்டாலும் முழங்காலிலை விழுந்திடுவன். கணக்கு ஞாபகம் வராது."

மாணவர் மலரைப் பற்றி அவன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

5

[சடத்துவத் திருப்பம் பற்றிய குறிப்பு. இதை முதலில் அண்ணன் துள்ளி ஆடுகிற இடத்தில், வேடிக்கையாகப் போட இருந்தேன். இப்போது இங்கே வருகிறது.]

ஒரு பொருளைச் சுழற்றத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்கிற அளவு அது. பாரம் அச்சுக்குக் கிட்ட இருந்தால் டக்கென்று சுழலும். பாரம் தூரத்தில் இருந்தால் அசையப் பஞ்சிப்படும். ஆனால் ஒருமுறை அசைந்துவிட்டால் நிற்பாட்டுவதும் அதேயளவு கஷ்டம். ரஜீபன் மூன்று மீற்றருக்கு அங்கால் தொங்குகிறான். ஆகவே பெட்டி டக்கென்று சரியவில்லை. மெல்ல, மிக மெல்லத் தொடங்கியது. அவ்வளவு நேரம் இருந்தது. யாராவது பார்த்திருந்தால் காணும்.

யாரும் பார்க்கவில்லை. அனோஜன்தான் முதலில் குதித்தான். பிறகு மிரோஜன். சிவபாதம் சால்வையை உருவிக்கொண்டே இறங்கினார். தம்பு முழங்கால் உளைவுக்காரர், பக்கப் பலகையைப் பிடித்துக் கடைசியாக இறங்கினார். தள்ளிக்கொண்டு வந்த பொடியளுடைய கைகளும் பெட்டியை விட்டுத் தலைக்குமேல் போய்விட்டன. அந்த வீதியில் இருந்த அத்தனை கைகளும் வானத்தைப் பார்த்தன. பெட்டியில் ஒரு கைகூட இல்லை.

கொழுவிக் கம்பி நிலத்திலிருந்து ஒரு சாண் எழும்பியது.

மற்றப் பக்கத்தில் ரஜீபன் கீழே போனான். அவனுக்குக் கீழே சிதறுதேங்காய் அடிக்கிற கல்லு. அவனுக்கு மேலே மரம், சோடனை, மயிலிறகு எல்லாம். நிலம் கிட்ட வருவதை அவன் கண்டான். பயப்படவில்லை. சுவாமி வந்துவிட்டது, அதனால் தன்னை இறக்குகிறார்கள், விழுந்து கும்பிடுவதற்காக இறக்குகிறார்கள் என்று நினைத்தான். தங்கச்சி கணக்குப் பார்த்தாயிற்று அல்லவா. தொங்கியபடியே இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக் கூப்பினான். விழும்போது ஊன்றுவதற்கு இருந்ததும் அந்த இரண்டு கைதான்.

6

மாற்று முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றையும் விடவில்லை.

அ. மேளக்காரர் பற்றிய வசனத்தை வெட்டினேன். பூசை நேரத்துக்கு முடிகிறது, ரஜீபனை இறக்கியபிறகு சுவாமி வருகிறது, எல்லாரும் சுகம். மோர் குடிக்கிறார்கள். பிள்ளை அப்பாவின் காதைக் கடிக்கிறது. வாசித்துப் பார்த்தேன். கணக்கிலுள்ள பிழை கணக்கிலேயே கிடக்கிறது. அடுத்த வருசம் அனோஜன் தன் நேர்த்திக்கு அதே மரத்தில் ஏறுவான். அந்தப் பக்கம் ரஜீபன் இருப்பான். நிலாந்தி போன வருசத்துக் கணக்கைக் காட்டி, பயப்பிடாதை என்பாள். நான் செய்ததெல்லாம் ஆளை மாற்றியது மட்டும்தான்.

ஆ. மண்மூட்டை வைத்தேன். சிவபாதத்தின் வாயைக் கட்டினேன். அந்த மனிதர் பேசாமல் இருக்கிற கதையை அந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இ. தம்புவை இறங்கவிடாமல் பண்ணினேன். "தம்பு மட்டும் அசையாமல் பெட்டியில் இருந்து—" என்று ஒரு வசனம். அதற்கு மேலே போகவில்லை. சாகக் கிடந்த பேரப்பிள்ளையைத் தந்த தெய்வம் வாசலுக்கு வருகிறது, இந்த மனிதர் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாராம். நான் எழுத எழுத அவர் இறங்கினார். முழங்காலை இன்னும் மோசமாக்கினேன். தவழ்ந்து இறங்கினார். எனக்கு விசர் பிடித்தது. தாளைக் கிழித்து எறிந்தேன்.

ஈ. ரஜீபன் விழுந்து—

ஈ. கல்லில்—

இல்லை. இதை நான் எழுதமாட்டேன். சுலோஜனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறாள். அவளை அங்கே நிற்பாட்டியதும் நான்தான். பிள்ளையின் முகத்தைத் தகப்பன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அங்கை பார், அப்பா பறக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன கோதாரிக்கு அந்த வசனத்தை எழுதினேனோ.

உ. நிலாந்தி முதல்நாளே கண்டுபிடிக்கிறாள். இதுதான் எனக்கு அதிகம் ஆசை காட்டியது. படுக்கப் போகும்போது அவளுக்குத் திடீரென்று மண்டைக்குள் அடிக்கிறது, எழும்பி ஓடிப்போய் மண்மூட்டை கட்டுகிறாள். ஆனால் அவளுக்கு ஏன் வரவேண்டும்? அவளும் அந்தக் கோயிலடிப் பிள்ளைதான். சுவாமி வரும்போது இறங்குவதும் கும்பிடுவதும் அவளுக்கும் மூச்சுவிடுகிற மாதிரி. மூச்சை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது ஆளை ஒரு புள்ளியாக வரைந்து கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போடுவாள். அந்தப் புள்ளிக்குக் கால் இருக்காது. இறங்கி நடக்காது. அவளில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

7

ஆகவே நடந்ததை அப்படியே விடுகிறேன். ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. நிலாந்தி எங்கே?

அவள் பெட்டிக்குப் பக்கத்தில், கொழுவிக் கம்பியின் பக்கமாக நடந்துவந்தாள். மணி அடித்ததும் அவளுடைய கைகளும் எழும்பின. நெஞ்சுக்கு நேரே வந்தும்விட்டன. கண்ணை மூடமுன் அவள் கண்டது நிலத்தில் கிடந்த நிழல். கம்பியின் நிழல் கம்பியை விட்டு விலகிக்கொண்டு போயிற்று. அது என்னவென்று விளங்க அவளுக்கு ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பா இருந்த இடம் வெறுமை. மச்சான்மார் இருந்த இடம் வெறுமை. அப்பாவின் வெற்றிலைச் சரை மட்டும் பலகையில் இருந்தது, அதுவும் சறுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் கும்பிடவில்லை. சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். எழும்பிக்கொண்டிருந்த கம்பியைப் பாய்ந்து பிடித்துத் தொங்கினாள். கால் நிலத்தில் முட்டவில்லை.

கம்பி தயங்கியது. நிற்கவில்லை. அவளையும் தூக்கிக்கொண்டு இன்னும் மெல்ல எழும்பியது. அவள் மெலிந்த பெட்டை. நுனியில் தொங்குவதால் அவளுடைய நிறைக்கு மதிப்பு அதிகம், ஆனாலும் போதாது. இரண்டு பேர் வேண்டும். அது அவளே போட்ட கணக்கு, அதில் பிழை இல்லை. இன்னும் ஒரே ஒரு ஆள்.

ஆகக் கிட்ட நின்றது அப்பா. கை எட்டுகிற தூரம். சால்வை இடுப்பில், இரண்டு கையும் தலைக்குமேல், கண் இறுக்க மூடியிருக்கிறது, கன்னத்தால் கண்ணீர் ஓடுகிறது. என்ரை குஞ்சைத் தந்தியே, முருகா என்று வாய் முணுமுணுக்கிறது.

"அப்பா, ஏறுங்கோ! அண்ணை போறார்!"

ஒரு வீதி முழுக்க அரோகரா என்கிறது. மேளம் உச்சத்தில். அவளுடைய சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் நிற்பாட்டுகிறேன். தம்புவின் கண்ணைத் திறந்துவிடலாம், எனக்கு அது ஒரு வரி வேலை. திறந்தும் பார்த்தேன். அவர் திறந்த கண்ணால் சுவாமியைத்தான் பார்த்தார்.

அதனால் உங்களிடம் வருகிறேன். நீங்கள் இந்தக் கதைக்குள் இவ்வளவு தூரம் நடந்து பெட்டிக்குக் கிட்டவே வந்துவிட்டீர்கள். உங்களை நான் தராசில் ஏற்றவில்லை, தேவையும் இல்லை, எந்த ஆளென்றாலும் காணும். எனக்குக் கோயில் குளம் என்று ஒன்றும் இல்லை, நான் உடனே ஏறுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள்தான். நாலு பேரையும் இறக்கியது என்னுடைய கை.

சுவாமி வாசற்படியில் நிற்கிறது. அண்ணன் கூப்பிய கையோடு கல்லுக்கு மேலே வந்துவிட்டான். கம்பியில் ஒருத்தி தனியே தொங்குகிறாள், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் பிடிக்க இடம் இருக்கிறது. உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலைக்குமேல் இருந்தால் இறக்குங்கள். கெதியாய் வாருங்கள்.